மழை, மணி, மூன்று சுரம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது அமைப்பாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அது ரொம்பச் சத்தமா இருக்குமே" என்றார். சத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான்கு இளைஞர்கள் விட்டுவைத்த காலி இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிளாக் சபாத் என்ற குழுவின் முதல் இசைத்தட்டு. பெயரும் அதுவே, பிளாக் சபாத். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, இங்கிலாந்தில் வெளியானது. அதில் முதல் பாட்டின் பெயரும் பிளாக் சபாத். தாத்தா, பேரன், வீடு மூன்றுக்கும் ஒரே பெயர் வைப்பது நமக்குப் புதிதல்ல என்பதால் இதைக் குழப்பம் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள்.

நான் அதை முதலில் கேட்டது கல்லூரி விடுதியில். யாரோ யாரிடமோ வாங்கிப் பதிந்து, அதை இன்னொருவர் பதிந்து, எங்கள் அறைக்கு வந்து சேர்ந்த கேசட். முழு ஆல்பமும் முப்பத்தெட்டு நிமிடம். தொண்ணூறு நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பொத்தானை அழுத்தினோம். 'சோ'வென்று ஓர் இரைச்சல். கொஞ்ச நேரம் காத்திருந்தோம், இரைச்சல் நிற்கவில்லை. "நாடா கெட்டுப்போச்சுடா" என்று அறைத்தோழன் கேசட்டை வெளியே எடுத்து, பென்சிலை நுழைத்துச் சுற்றி, ஊதித் துடைத்துத் திரும்பப் போட்டான். மறுபடி அதே இரைச்சல். இம்முறை அதற்குள்ளிருந்து தூரத்தில் ஒரு மணி அடித்தது. அப்போதுதான் புரிந்தது, அது மழை. இசைத்தட்டு மழையில் தொடங்குகிறது. மாதாகோயில் மணி. இடி. பிறகு கித்தார் விழுந்தது. 'தொடங்கியது' என்று எழுத மனம் வரவில்லை. விழுந்தது என்பதே சரி.

அதற்குப் பிறகு எத்தனையோ தட்டுகள் கேட்டாயிற்று. அந்தக் காலத்தில் எங்களை ஆட்டிவைத்த பலவற்றை இன்று கேட்டால் பழைய கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல் இருக்கிறது. அகலக் கால் பெல்பாட்டம், பெரிய காலர், கிருதா. பாசத்தோடு பார்க்கலாம், அவ்வளவுதான். இந்தத் தட்டுக்கு மட்டும் அந்த வயது ஏறவில்லை. ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த விடையை விளக்குவதற்கு முதலில் ஒரு தொழிற்சாலைக்குள் போக வேண்டும்.

இங்கிலாந்தின் நடுவே பர்மிங்காம். கார், பித்தளை, எஃகு, திருகாணி என்று உலோகத்திலேயே வயிறு வளர்த்த நகரம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் குண்டு போட்டுத் தீர்த்த ஊர்களில் ஒன்று. அங்கே ஆஸ்டன் என்ற பகுதி. தெருவோடு தெருவாக ஒட்டிய சிறிய செங்கல் வீடுகள், நடுநடுவே குண்டு விழுந்து இடிந்த மனைகள். இந்த நால்வரும் அங்கே வளர்ந்த பிள்ளைகள்: டோனி அயோமி, ஓசி ஆஸ்பர்ன், கீசர் பட்லர், பில் வார்டு. மூவர் 1948இல் பிறந்தவர்கள், பட்லர் 1949. பதிவறைக்குள் நுழைந்தபோது இருவருக்கு இருபது வயது, இருவருக்கு இருபத்தொன்று.

ஆஸ்பர்னின் அப்பா ஒரு தொழிற்சாலையில் கருவி செய்பவர். அம்மா லூகாஸ் ஆலைத் தொழிலாளி. அந்த ஆலையில் மகனுக்கும் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? கார் ஹாரன்களை அடித்துப் பார்த்துச் சரிசெய்வது. உலகப் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் முதல் 'சுருதி சேர்க்கும்' உத்தியோகம் அதுதான். பிறகு இறைச்சிக்கூடத்தில் வேலை. துணிக்கடையில் திருடியதற்காகச் சில வாரம் சிறை. பட்லர் கணக்கர் வேலைக்குப் பயின்றுகொண்டிருந்தவர். கண்டிப்பான கத்தோலிக்கக் குடும்பம். வார்டுக்கு ஜாஸ் முரசுக்காரர்கள் மேல் பைத்தியம், முக்கியமாக ஜீன் க்ரூபா. அந்தப் பைத்தியம் இந்தத் தட்டில் எங்கே தெரிகிறது என்று பிறகு சொல்கிறேன்.

அயோமிக்குப் பதினேழு வயது. தகடு வேலை செய்யும் ஆலை ஒன்றில் வெல்டிங் பார்த்தார். ஒரு குழுவோடு ஜெர்மனிக்குப் போய் வாசிக்க வாய்ப்பு வந்தது. வேலையை விட்டுவிட்டார், அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனி போகப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். எல்லா ஊர் அம்மாக்களும் சொல்லக்கூடியதுதான். தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத இவரை அங்கே நிறுத்தினார்கள். இயந்திரம் இறங்கியது. கையை வெடுக்கென்று இழுத்தபோது வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் இல்லை.

அயோமி இடதுகைக்காரர். அவர் கித்தாரில் தந்தியை அழுத்துவது வலது கை. போனது அந்தக் கையின் விரல்கள். இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆலையின் மேற்பார்வையாளர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து ஒரு தட்டைக் கொடுத்து, போட்டுக் கேள் என்றார். கேட்க மனமில்லாமல்தான் கேட்டார். வாசித்தவர் ஜாங்கோ ராயின்ஹார்ட். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பற்றியதில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தன. மிஞ்சிய விரல்களால் ஐரோப்பிய ஜாஸ் கித்தாரையே அவர் மாற்றிக்காட்டியவர். அந்த மேற்பார்வையாளரின் பெயர் எந்தத் தட்டின் உறையிலும் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதன் பிறகு அந்தப் பையன் செய்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பாத்திரம் துலக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை உருக்கினார். சூடாக இருக்கும்போதே உருண்டை பிடித்தார். ஆறியதும் விரல் நுழையும்படி குடைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தொப்பிபோல் ஆக்கினார். வெறும் பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் சட்டையில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். இரண்டு விரலுக்கு இரண்டு தொப்பி. தையற்காரர் ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டிக்கொள்வாரே, கிட்டத்தட்ட அதுதான்.

தொப்பி வந்தது, உணர்ச்சி வரவில்லை. தந்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரல் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். கடினமான தந்தியை இழுக்கவும் முடியவில்லை. நம் வீணைக்காரர்கள் கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதுபோல ராக் கித்தாரிலும் இழுப்பார்கள். மெல்லிய தந்தி கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார், யாரும் செய்து தரவில்லை. பாஞ்சோவின் மெல்லிய தந்திகளை வாங்கிக் கித்தாரில் கட்டினார். மெல்லிய தந்திக் கட்டு பிறகு கடைகளில் சர்வ சாதாரணமாகிவிட்டது.

ஐந்தாறு தந்திகளை ஒரே பிடியில் அழுத்தும் முழுக் கோர்வை அவருக்குக் கஷ்டம். இரண்டு தந்தி போதும் என்று முடிவு செய்தார். ஆதார சட்ஜம், அதன் பஞ்சமம். இடையில் காந்தாரம் கிடையாது. இங்கே வீணை, வயலின் கற்றவர்கள் இருக்கிறீர்கள். ச-ப என்றதும் உங்கள் காதில் தம்பூரா ஒலித்திருக்கும். சரியாகத்தான் ஒலித்தது. இந்த இரண்டு சுரத்துக்கும் உள்ள விகிதம் 2:3. ஒலிபெருக்கியைத் திணறவைத்து ஒலியை முறுக்கும்போது, இந்த எளிய விகிதத்தினால் ஆதார சட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே, யாரும் வாசிக்காத ஒரு சுரம் தானாகப் பிறக்கிறது. வாசிப்பது இரண்டு, கேட்பது மூன்று. நடுவே காந்தாரத்தையும் வைத்து அதே அளவு முறுக்கினால் சேறாகிவிடும். காயம்பட்ட கை கண்டுபிடித்த சுருக்குவழி, முறுக்கிய ஒலிக்கு மிகப் பொருத்தமான வழியாக இருந்தது. விபத்து நல்லதற்குத்தான் என்று சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஒரு பையன் விரலை இழந்தான், அது கொடுமை. இல்லாததை மறைக்காமல், அந்த இல்லாமைக்கு ஏற்பவே தன் வாசிப்பை அமைத்துக்கொண்டான். நான் சொல்ல விரும்புவது அவ்வளவே.

குழு சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடகர் ஒருவர் சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருப்பதாக இசைக்கருவிக் கடையில் விளம்பரம் ஒட்டியிருந்தார். பெயர் ஓசி. பள்ளிக்கூடத்தில் ஓர் ஓசியைத் தெரியும், அவனாக இருக்க முடியாது என்றபடி அயோமி போய்க் கதவைத் தட்டினார். அவனேதான். ஆரம்பத்தில் ப்ளூஸ் குழுவாக இருந்தார்கள், பெயர் எர்த். 1968 கடைசியில் ஜெத்ரோ டல் என்ற பெயர்பெற்ற குழு அயோமியை அழைத்துக்கொண்டது. சில வாரங்களில் ஆஸ்டனுக்கே திரும்பிவிட்டார். திரும்பும்போது ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்தார். அந்தக் குழுவினர் காலையில் நேரத்துக்கு வந்து ஒத்திகை பார்த்தார்கள், ஆலைக்குப் போவதுபோல. இவர்களுக்கும் காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை என்று ஆக்கினார். ஆலையிலிருந்து தப்பிக்க இசைக்கு வந்தவர்கள் ஆலையின் மணியைக் கூடவே கொண்டுவந்தார்கள்.

ஒத்திகை பார்த்த இடத்துக்கு எதிரே ஒரு சினிமாக் கொட்டகை. அங்கே போரிஸ் கார்லோஃப் நடித்த ஒரு பேய்ப்படம். மாரியோ பாவா இயக்கி 1963இல் வந்த இத்தாலியப் படம். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர்தான் பிளாக் சபாத். காசு கொடுத்துப் பயப்பட இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்களே என்று இவர்களுக்கு ஆச்சரியம். நாம் ஏன் பயமுறுத்தும் இசை செய்யக்கூடாது? வியாபாரக் கேள்விதான். ஆனால் வந்த பதில் வியாபாரமாக இல்லை.

பட்லர் அப்போது தன் அறைச் சுவர்களுக்குக் கறுப்பு வர்ணம் அடித்து, மாந்திரீகப் புத்தகங்கள் படித்துக்கொண்டிருந்தார். ஓர் இரவு விழித்துப் பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் கறுப்பாக ஒரு உருவம். நம்புகிறோமா இல்லையா என்பது வேறு. நம் ஊரில் முனி நின்ற புளியமரத்தைப் பற்றிச் சொல்பவர்களிடம் நாம் சாட்சி கேட்பதில்லையே. பட்லர் பயந்து போனார், நண்பர்களிடம் சொன்னார், ஆஸ்பர்ன் அதைப் பாட்டாக்கினார். அந்தப் பாட்டில் பேசுபவன் மந்திரவாதி இல்லை, சாத்தானின் தொண்டனும் இல்லை. பயந்துபோன ஒரு மனிதன். கடவுளே காப்பாற்று என்று கதறுகிறான். அந்தப் பாட்டை வைத்து ஐம்பது ஆண்டு இவர்களைச் சாத்தான் வழிபாட்டுக்காரர்கள் என்று திட்டியவர்கள் வரிகளைக் கேட்டதாகவே தெரியவில்லை. இவர்கள் கழுத்தில் தொங்கிய சிலுவைகளைச் செய்து தந்தவர் ஆஸ்பர்னின் அப்பா, தம் ஆலையில், அலுமினியத்தில்.

மெட்டு எங்கிருந்து வந்தது? இங்கே நமக்கு ஒரு சுற்றுவழி உறவு உண்டு. பட்லருக்கு குஸ்டாவ் ஹோல்ஸ்டின் 'கோள்கள்' என்ற ஆர்க்கெஸ்ட்ரா தொகுதி மீது மோகம். அதில் செவ்வாய்க்கான பகுதியின் மெட்டைத் தன் பேஸ் கித்தாரில் வாசித்துக்கொண்டிருந்தார். ஹோல்ஸ்ட் சம்ஸ்கிருதம் கற்றவர். ரிக் வேதப் பாடல்களை மொழிபெயர்த்து இசையமைத்தவர். சாவித்திரி கதையை ஓபராவாக்கியவர். 1914இல் அவர் எழுதிய செவ்வாய் எப்படித் தொடங்குகிறது? சட்ஜம், பஞ்சமம், உடனே அரை சுரம் கீழே பிரதி மத்யமம். ச, ப, ம. அதைக் கேட்ட அயோமி மறுநாள் இதைப் பிடித்தார்: சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். மூன்றே சுரம். பஞ்சமத்தை எடுத்துவிட்டார்.

இந்த ச-ம இடைவெளிக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'இசையில் பிசாசு'. இதைத் திருச்சபை தடைசெய்திருந்தது, வாசித்தவர்களைத் தண்டித்தது என்றெல்லாம் ராக் பத்திரிகைகளில் படிப்பீர்கள். கட்டுக்கதை. பழைய இசையாசிரியர்கள் அதைப் பாடக் கஷ்டமானது, ஒத்துவராதது என்று தவிர்த்தார்கள், அவ்வளவே. ஆனால் நாம் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. அவர்கள் பிசாசு என்ற அதே மத்யமம் நமக்குக் கல்யாணி. கல்யாண வீட்டில் நாகசுரத்தில் கேட்கும் மங்கலம். எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் சரிபாதி, முப்பத்தாறு, பிரதி மத்யம மேளங்கள். அப்படியானால் பயம் அந்தச் சுரத்தில் இல்லை. பின் எங்கே இருக்கிறது?

கல்யாணியில் பிரதி மத்யமத்துக்குச் சுற்றிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கீழே அந்தர காந்தாரம் கைபிடிக்கிறது, மேலே பஞ்சமம் காத்திருக்கிறது. அது தனியாக நிற்பதே இல்லை. அயோமி செய்தது என்னவென்றால், காந்தாரம் இல்லை, ரிஷபம் இல்லை, தைவதம் இல்லை. மத்யமத்தை நடு ரோட்டில் தனியே நிறுத்திவிட்டார். அந்தச் சுரத்தின் மேல் விரல் நடுங்குகிறது. நடுங்கும்போது பஞ்சமத்தை உரசுகிறது, ஆனால் போய் உட்காருவதில்லை. காது வீட்டுக்கு வா வா என்று கூப்பிடுகிறது, அது வாசற்படியில் நின்று நடுங்குகிறது. பிறகு மறுபடி சட்ஜத்தில் இடி. இதை மிக மெதுவாகச் செய்கிறார்கள். ராக் இசை வேகம் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கிட்டத்தட்ட சவ ஊர்வல நடையில் போகிறார்கள்.

இப்போது பில் வார்டின் ஜாஸ். அத்தனை மெதுவான நடையில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே பெரிய வெற்றிடம் கிடக்கிறது. சாதாரண ட்ரம்மர் அதில் 'டப் டப்' என்று காலப்பிரமாணத்தைக் காட்டி நிரப்பிவிடுவார். வார்டு காத்திருக்கிறார். உருட்டுகிறார், நிறுத்துகிறார், சில இடங்களில் ஒன்றுமே செய்வதில்லை. விஷயம் தெரிந்த மிருதங்கக்காரர் விளம்ப காலக் கீர்த்தனைக்கு வாசிப்பது போல. ஆஸ்பர்ன் பாட வரும்போது கித்தார் அடங்கிவிடுகிறது. பின்னால் அதே மூன்று சுரம், தூரத்தில், மெல்ல. குரலைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆஸ்பர்னுடையது பெரிய வித்துவக் குரல் இல்லை, வீச்சும் குறைவு. அந்தக் காலி இடத்தில் அவர் தனியே நிற்பதுதான் பயத்தைத் தருகிறது. நான்கு நிமிடத்துக்கு மேல் இப்படி நம்மைக் கட்டிவைத்துவிட்டுக் கடைசியில் குதிரைப் பாய்ச்சல். அந்த வேகம் வரும்போது ஏற்படும் விடுதலையை, இதை முழுதாகக் கேட்காதவருக்கு என்னால் விளக்க முடியாது.

இதையெல்லாம் எத்தனை நாளில் பதிந்தார்கள்? ஒரே நாள். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோ. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், நான்கு தடப் பதிவுக் கருவி, செலவு அறுநூறு பவுண்டு அளவில். தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயின், ஒலிப்பொறியாளர் டாம் ஆலம். நால்வரும் மேடையில் வாசிப்பது போலவே சேர்ந்து வாசித்தார்கள், ஆஸ்பர்ன் கூடவே பாடினார். அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் ஒலிவாங்கிச் சுருள் பழுதாகிவிட, மாற்றுக்கு வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். அதன்பின் வாழ்நாள் முழுக்க அவர் அடையாளமே எஸ்ஜிதான். மழையும் மணியும் குழுவினர் வாசித்து முடித்த பிறகு தயாரிப்புத் தரப்பு சேர்த்தது.

ஒரே நாள் என்றதும் மேதைமை என்று வாயைப் பிளக்க வேண்டாம். ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் இவர்கள் ஒரே நாளில் ஏழு முறை வரைக்கும் மேடையேறியவர்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாசிக்க வேண்டும். அங்கேதான் பாடல்கள் நீண்டன, உருண்டன, தேய்ந்தன. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் ஒரு வருட ஒன்பது மணி ஒத்திகை இருக்கிறது. ஆஸ்டன் பிள்ளைகள் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் போவதுபோல் முடித்துவிட்டுப் போனார்கள்.

என் விடை இங்கேதான் இருக்கிறது. 1970இல் வந்த தட்டுகள் பலவற்றில் அந்த ஆண்டின் அலங்காரம் ஏறியிருக்கும். புதிதாக வந்த ஒலிக்கருவி, தலைகீழாக ஓட்டிய நாடா, பின்னணியில் வயலின் கூட்டம், யாரோ வாங்கிவந்த சித்தார். காசும் நேரமும் இருந்தால் கை சும்மா இருக்காது. இவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஆகவே இதில் தேதி ஒட்டவில்லை. நான்கு பேர் ஓர் அறையில் வாசிக்கிறார்கள் என்பதைத் தவிர இதில் வேறு எந்தத் தொழில்நுட்பமும் காதில் படுவதில்லை. அந்த அறை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. இன்னொன்று, அந்தக் காலி இடம். எல்லாவற்றையும் நிரப்பிய இசை கேட்பவரைப் பார்வையாளராக உட்கார வைத்துவிடும். இது உள்ளே வந்து நிற்க இடம் விடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று இரவல் கித்தாரில் அந்த மூன்று சுரத்தை ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடும். சரியாக வாசிக்கப் பத்து வருடம் ஆகும். அந்தப் பத்து வருடம் முழுக்க இந்தத் தட்டு கூடவே வரும்.

குறையே இல்லாத தட்டா என்றால் இல்லை. இரண்டாம் பக்கம் முதல் பக்கத்துக்கு ஈடாகாது. 'ஈவில் உமன்' வேறொரு குழுவின் பாட்டு. ரேடியோவில் ஓடட்டும் என்று சேர்த்தது, தனித் தட்டாக வந்தும் ஓடவில்லை. அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'விக்கெட் வேர்ல்ட்' வைத்தார்கள், நல்ல காரியம். 'வார்னிங்' பத்து நிமிடம். நடுவில் அயோமியின் தனி ஆவர்த்தனம் அலைந்து திரும்புகிறது, நான் ஒரு தடவையாவது காபி கலக்க எழுந்து போவேன். முதல் பக்கத்தில் 'என்.ஐ.பி.' இருக்கிறது. சாத்தான் ஒரு பெண்ணைக் காதலித்துத் திருந்திவிடுகிறான் என்பது கதை. தலைப்பின் மூன்றெழுத்துக்கு என்னென்னவோ பயங்கர விளக்கம் சொன்னார்கள். வார்டின் தாடி பேனா நிப் மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

உறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தேம்ஸ் கரையில் மேப்பிள்டர்ஹம் என்ற இடத்தில் ஒரு பழைய நீராலை. அதன் முன்னே கறுப்பு அங்கி அணிந்த பெண். புகைப்படக்காரர் கீத் மக்மில்லன் அகச்சிவப்பு பிலிமில் எடுத்ததால் இலையெல்லாம் நோய்பிடித்த ரோஜா நிறம். உறையைத் திறந்தால் உள்ளே தலைகீழ்ச் சிலுவை. குழுவினரைக் கேட்காமல் போட்டது. தட்டின் நடுவே வெர்டிகோ நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைச் சுழல். தட்டு சுற்றும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தலை கிறுகிறுக்கும். அந்த ஆலையில் இன்றும் கோதுமை அரைக்கிறார்கள் என்று அறிந்தபோது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருந்தது.

விமர்சகர்கள் சீறினார்கள். ரோலிங் ஸ்டோன் இதழில் லெஸ்டர் பேங்ஸ் இதைக் கிரீம் குழுவின் மட்டமான நகல் என்ற தொனியில் தள்ளிவிட்டார். இரண்டே ஆண்டில் அவரே க்ரீம் பத்திரிகையில் இவர்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி ஆதரித்தார். கருத்தை மாற்றிக்கொள்ளும் விமர்சகரை நான் மதிக்கிறேன். மக்கள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தட்டு பிரிட்டனில் எட்டாம் இடத்தையும் அமெரிக்காவில் இருபத்து மூன்றாம் இடத்தையும் தொட்டது. ஹெவி மெட்டல் என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. தான் வாசித்தது ஹெவி ராக் என்பதே அயோமியின் நிலை. பெயரில் என்ன இருக்கிறது. ஒலிப்பொறியாளர் டாம் ஆலம் பத்தாண்டுக்குப் பிறகு தயாரித்த ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் தட்டுக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' என்றே பெயர் வைத்தார்கள். அவர்களும் அதே வட்டாரத்துப் பிள்ளைகள்தான்.

ஊர் தன் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. 2019இல் பர்மிங்காமில் கால்வாய் மேல் ஒரு பாலத்துக்கு இவர்கள் பெயர் வைத்தார்கள். 2023இல் பர்மிங்காம் ராயல் பாலே இவர்கள் இசைக்கு நடனம் அமைத்தது. 2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலேயே, ஆஸ்பர்ன் சிறுவனாக வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில், முதல் நால்வரும் கடைசி முறையாக மேடையேறினார்கள். ஆஸ்பர்னால் நிற்க முடியவில்லை; பார்க்கின்சன் நோய். ஒரு கறுப்பு சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். நான்கே பாட்டு. அதில் ஒன்று 'என்.ஐ.பி.'. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, அவர் இறந்தார்.

இந்த அரங்கில் ஒலிபெருக்கி சுமார்தான் என்பதால் எதையும் போட்டுக் காட்டப் போவதில்லை. வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். செல்போனைத் தள்ளி வைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, முதல் பக்கத்தை மட்டுமாவது வரிசை மாற்றாமல் கேளுங்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் மழை மட்டும்தான் இருக்கும். கேசட் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள்.